தாளம் குத்திய அட்டைகள்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை நானே சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கு வேலை மிச்சம். பக்கத்து வீட்டுக்காரன் புது சைக்கிள் வாங்கினால், அதன் பெல் சத்தம் சரியில்லை என்று முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான். கூடப் படித்தவனுக்குக் கல்யாணம் என்றால் சாம்பாரில் உப்பு கூடியிருக்கும். ஆனால் உயிரில்லாத ஒரு மரப்பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, சோறு இறங்காமல் கிடந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான்.

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்தைந்து வயது இருக்கும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அட்டை குத்திக்கொண்டிருந்தேன். பட்டுச் சேலையில் மாங்காயும் மயிலும் வருகிறதே, அது தறியில் தானாக வந்துவிடாது. டிசைன் எழுதுகிறவர் கட்டம் போட்ட தாளில் மயிலை எழுதித் தருவார். அந்தக் கட்டங்களைப் பார்த்து, இரும்புத் தகட்டுக்கு நடுவில் நீள அட்டையை வைத்து, துளைக்கும் உளியும் சுத்தியலுமாக ஓட்டை போடுவது என் வேலை. குறுக்கே ஓடும் ஓர் இழைக்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கும் இடத்தில் நீளவாக்கில் ஓடும் பாவு இழை மேலே எழும்பும், இல்லாத இடத்தில் எழும்பாது. எல்லா அட்டைகளையும் வரிசையாகக் கோர்த்து, முதலையும் கடைசியையும் சேர்த்துக் கட்டித் தறிக்கு மேலே மாட்டிவிட்டால், அது சுற்றிச் சுற்றி வந்து அதே மயிலைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கும். என் அட்டையில் ஓட்டை தப்பிவிட்டது என்று ஒரு நெசவாளர்கூடத் திருப்பி அனுப்பியது கிடையாது. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே இருந்தது.

சாயங்காலம் ஆனால் நான் வேறு ஆள். எங்கள் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவை நடத்தியவர் அக்கார்டியன் வாசிக்கும் ஓர் அண்ணன், பகலில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. பாடுவதற்கு ஒரு டீச்சரம்மா இருந்தார். கல்யாண வரவேற்பு, ஆடி மாதக் கூழ் வார்க்கிற விழா என்று தாமல், திருப்புட்குழி வரைக்கும் போய் வாசிப்போம். பஸ்சின் கூரையில் என் டிரம் ஏறும்போதே ஜனங்கள் நின்று பார்ப்பார்கள். பகலெல்லாம் நான் குத்திய மயிலைப் பார்த்து யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. சேலையைப் பார்த்துக் கடையைப் புகழ்வார்கள், மிஞ்சிப்போனால் நெய்தவரைப் புகழ்வார்கள். மேடையில் மட்டும்தான் எல்லாக் கண்ணும் என் கைமேல் இருக்கும். அந்த இடத்தை யார் கேட்டாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

என் வாசிப்பில் ஒரு குறை உண்டு. கூட்டம் கைதட்ட ஆரம்பித்தால் என் கை வேகம் பிடித்துவிடும். பாட்டு ஆரம்பித்த இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் சம்பந்தமே இருக்காது. டீச்சரம்மா வார்த்தைகளை விழுங்கி விழுங்கிப் பாடி முடிப்பார்.

“நீ பாட்டுக்கு ஓடறேபா,” என்பார் அண்ணன். “நான் பின்னாலயே மூச்சு வாங்கிக்கினு வரேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். நானும் சிரித்துவிட்டு அடுத்த கச்சேரியிலும் ஓடுவேன்.

எங்கள் தெருவிலேயே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவன் என்னோடு பள்ளியில் படித்தவன். குழுவின் மைக், ஆம்ப்ளிபயர் எல்லாம் அவன் பொறுப்பு. நல்லவன்தான், அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். அவனுக்குத் தாளம் மட்டும் சுட்டுப் போட்டாலும் வராது. பஜனையில் கைதட்டினால் ஊர் ஒரு பக்கம் போகும், அவன் ஒரு பக்கம் போவான். அதனால் எந்தக் காலத்திலும் அவன் எனக்குப் போட்டியாக வரமாட்டான் என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணனையும் என்னையும் கடைக்குக் கூப்பிட்டான். மேசைமேல் மாவு டப்பா அளவுக்கு ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே பழைய கிராமபோனிலிருந்து கழற்றிய மோட்டார். அது ஒரு நாலு பக்கக் கட்டையைத் திருப்புகிறது. கட்டைமேல் தறியில் ஓடுகிற மாதிரியே அட்டைகள், விரல் அகலத்துக்கு நறுக்கிக் கோர்த்தவை, வரிசையாக வருகின்றன. அட்டையின்மேல் மூன்று பித்தளைக் கம்பிகள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஓட்டை வந்தால் கம்பி உள்ளே போய்த் தொடும், தொட்டால் ஸ்பீக்கரில் ஒரு சத்தம். முதல் கம்பிக்குத் ‘தும்’, நடுக்கம்பிக்கு ‘டக்’, மூன்றாவதற்கு ‘ஜிங்’. அவன் அப்பா தறிக்காரர். தறிக்கு அடியில் படுத்து வளர்ந்தவனுக்கு இப்படித்தான் தோன்றியிருக்கிறது.

சோதனைக்காக ஏதோ பழைய சேலை அட்டையை நறுக்கிப் போட்டிருந்தான். பெட்டி தும்டக் டக்ஜிங் என்று வாய்க்கு வந்தபடி உளறியது. அண்ணன் குழந்தை மாதிரிக் கைகொட்டிச் சிரித்தார்.

“இதுல நம்ம பாட்டு தாளத்தை ஒழுங்கா குத்திப் போட்டா?” என்று கேட்டார்.

“வாசிக்கும்ணே. அதுக்குத்தான் இவனைக் கூப்பிட்டேன்,” என்றவன் என் பக்கம் திரும்பினான். “எனக்குக் கம்பி தெரியும், தாளம் தெரியாது. உனக்கு ஓட்டையும் தெரியும், தாளமும் தெரியும். நீதான்பா குத்தணும்.”

அண்ணன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இது வேகம் ஏறாதில்ல?”

“மோட்டாருண்ணே. அது எப்படி ஏறும்?”

அப்போது அண்ணன் என்னைப் பார்த்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவர் வேண்டுமென்றே என்னைப் பார்க்காமல் இருந்தார். ஒரு பட்டுக் கடை முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பு வந்துகொண்டிருந்தது. மெட்ராசிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அதில் இரண்டு பாட்டுக்கு இந்தப் பெட்டியை வைத்துப் பார்க்கலாம், அந்த இரண்டு பாட்டுக்கு நான் சும்மா உட்கார்ந்தால் போதும், நன்றாக வந்தால் அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த ‘அப்புறம்’ எனக்குப் புரியாமல் இல்லை. பஸ் கூரையில் டிரம் ஏற்ற வேண்டாம், வேகமாக ஓடுகிறவனைப் பிடித்து நிறுத்த வேண்டாம், மாவு டப்பா ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனால் கச்சேரி முடிந்தது.

அன்றைக்கு வயிறு எரிந்த எரிச்சலில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னேன். ‘தும்’ என்கிற சத்தம் தண்ணீர்க் குடம் விழுந்த மாதிரி இருக்கிறது என்றேன். ‘ஜிங்’ என்கிறது இருமல் மாதிரி இருக்கிறது என்றேன். “பாருங்க, ஒரு நாளு மேடையிலயே மானத்தை வாங்கப் போவுது,” என்று சாபம் மாதிரிச் சொன்னேன். கேட்டவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே தலையாட்டினார்கள்.

குத்த முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ரேடியோக்காரன் சின்னக் காஞ்சிபுரத்தில் இருந்த இன்னொரு அட்டைக்காரரிடம் போயிருப்பான். என் அடியை இன்னொருவர் குத்துவதா என்று அந்த மனிதர்மேலும் பொறாமை வந்துவிட்டது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை. சரி என்று ஒப்புக்கொண்டேன்.

வேண்டுமென்றே தப்பாகக் குத்திக் கொடுத்துவிட்டால் என்ன என்றும் நினைத்தேன். மறைக்கவில்லை. எந்த ஓட்டையை ஒரு கட்டம் தள்ளிப் போட்டால் பாட்டு நொண்டும் என்று ஸ்கேலை வைத்துப் பார்த்துக்கூட வைத்தேன். ஆனால் உளியைக் கையில் எடுத்து உட்கார்ந்ததும் அது முடியவில்லை. கட்டத்தில் ஒன்று இருக்க அட்டையில் வேறொன்றைக் குத்த என் கைக்குத் தெரியாது.

ஓர் அடிக்கு நாலு கட்டம், நாலு அடிக்குப் பதினாறு கட்டம் என்று தாளில் கோடு போட்டேன். நான் வாசிப்பதை நானே வாயால் சொல்லிச் சொல்லிக் கட்டத்தில் புள்ளி வைத்தேன். இப்போது பையன்கள் கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாகத் தட்டித் தாளம் போடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் ஆச்சரியமே வருவதில்லை. கட்டத்துக்கு ஓர் அட்டை, அறுபத்துநாலு கட்டத்தில் ஒரு சுற்று முடியும். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். டீச்சரம்மா மூச்சு எடுத்து அடுத்த வரிக்கு வருகிற இடம் அது, அங்கே சத்தம் கூடாது. அவருக்கு மூச்சு விட இடம் கொடுத்து நான் மேடையில் ஒரு நாளும் வாசித்ததில்லை. தாளில் கொடுத்தேன்.

ஒத்திகையில் பெட்டி அப்படியே வாசித்தது. டீச்சரம்மா நிதானமாக, ஒரு வார்த்தை விழுங்காமல் பாடினார். நான் சுவரில் சாய்ந்து நின்று, என் அடி எனக்கு எதிரில், நான் இல்லாமல் ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் ரேடியோக்காரனின் முதுகில் தட்டி, “பலே,” என்றார். டீச்சரம்மா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். அட்டை குத்தியவனைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அங்கேயும் சேலைக் கதைதான்.

“ரொம்ப நல்லா குத்திக்கீறேபா,” என்று ரேடியோக்காரன் மட்டும் சொன்னான். அவன் சொன்னது பெட்டி வாசித்ததைவிட எரிச்சலாக இருந்தது.

ஒத்திகைக்குப் போட்டது மெல்லிய அட்டை. மூன்றே நாளில் ஓட்டையின் ஓரமெல்லாம் பிய்ந்துவிட்டது. கச்சேரிக்கென்று கெட்டி அட்டையில் திரும்பவும் குத்திக் கொடுத்தேன். முகூர்த்த நாள் நெருங்கித் தறி வேலை தலைக்குமேல் கிடந்ததால், வரவேற்பு அன்றைக்கு மத்தியானம்தான் கொடுக்க முடிந்தது. ரேடியோக்காரனுக்கு மைக் கட்டவே நேரம் சரியாக இருந்தது, அட்டையை ஓட்டிப் பார்க்கவில்லை. நான் குத்தியதை ஓட்டிப் பார்க்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இருந்ததில்லை.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. பெட்டிக்குள் அட்டைகள் தடதடக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று, மாப்பிள்ளை வீட்டார் அறையிலிருந்து நாலு தலையணை வாங்கிச் சுற்றிலும் அடுக்கி, திரைக்குப் பின்னால் வைத்திருந்தான். நான் மேடை ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். என் டிரம்மும் என்னை மாதிரியே சும்மா கிடந்தது.

முதல் பாட்டு ஆரம்பமானது. முதல் சுற்று அழகாக வந்தது. சுற்று முடிந்து, எல்லாம் நின்று, டீச்சரம்மா மூச்சை இழுத்தார்.

டக்.

அவர் திடுக்கிட்டுப் பின்னால் பார்த்தார். பிறகு சமாளித்துப் பாடினார். அடுத்த சுற்று முடிந்தது, மூச்சை இழுத்தார், மறுபடியும் டக். மூன்றாவது சுற்றில் மூச்சு எடுக்கவே பயந்துகொண்டு பாடினார். முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்கு அது எப்போது வரும் என்று பிடிபட்டுவிட்டது. நாலாவது சுற்றில் பெட்டியோடு சேர்ந்து அவர்களும் “டக்” என்றார்கள். ஐந்தாவதில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மணமேடையில் பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அண்ணன் அக்கார்டியனிலிருந்து ஒரு கையை எடுத்து என்னைப் பார்த்துச் சைகை காட்டினார். ரேடியோக்காரன் ஒயரைப் பிடுங்கினான். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்து, பாதிப் பாட்டைப் பிடித்தேன். கூட்டம் கைதட்டியது. அன்றைக்கு என் கை ஓடவும் இல்லை, அவ்வளவு சந்தோஷம் எனக்கு. மீதிக் கச்சேரி முழுவதும் வாசித்தேன். பெட்டி தானாகவே கெட்டுப்போய் என்னைக் காப்பாற்றியது என்று நினைத்து, ஊரில் இருக்கிற சாமிக்கெல்லாம் மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

கச்சேரி முடிந்ததும் சாமான் வைத்திருந்த அறைக்குப் போனேன். ரேடியோக்காரன் அட்டைச் சரத்தை அவிழ்த்துத் தரையில் நீட்டி வைத்து, ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தான். அண்ணன் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். கடைசி அட்டையில் அவன் விரல் நின்றது. வெறுமையாக இருக்க வேண்டிய அட்டையின் நடுவில், சுத்தமாக, ஓர் ஓட்டை.

பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது என் குறி. தறிக்குப் போகும் சரத்தின் கடைசி அட்டையில், எந்த இழையும் மாட்டாத சும்மா ஓர் இடத்தில், ஒவ்வோர் அட்டைக்காரனும் தனக்கென்று ஓர் ஓட்டை போடுவான். பிய்ந்துபோய்த் திரும்பி வந்தால் யார் குத்தியது என்று தெரிவதற்கு, வேறொருவன் தன்னுடையது என்று சொல்லாமல் இருப்பதற்கு. தறியில் அதனால் ஒன்றும் ஆகாது. நான் போடுவது நடுவில். ஒத்திகைக்குக் குத்தும் மெல்லிய அட்டையில் யாரும் குறி போடுவதில்லை. கெட்டி அட்டை கைக்கு வந்ததும், வேலை முடிந்தது என்று கை தானாகப் போட்டிருக்கிறது. மூன்றே கம்பி இருக்கிற அந்தப் பெட்டியில் சும்மா இருக்கிற இடம் ஏது? வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆனவன்கூடக் குத்துவதற்கு முன்னால் இதை யோசித்திருப்பான்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “டீக்கடையில நீ பேசனதெல்லாம் என் காதுக்கு வந்துதுபா. மேடையில மானத்தை வாங்கப் போவுதுன்னு சொன்னியாமே. இதைத்தான் சொன்னியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் ரேடியோக்காரன் எழுந்தான்.

“இல்லண்ணே, அப்படி இல்ல. இது இவன் குறி. எங்கப்பா தறியில இவன் குத்தன அட்டை எத்தினி ஓடிக்கினு இருக்குது, எல்லாத்துலயும் கடைசியில இந்த ஓட்டை இருக்கும். பழக்கத்துல கை போட்டுடுச்சு. இவன் வேணும்னு பண்ணல. நான் ஒருக்கா ஓட்டிப் பார்த்திருக்கணும், தப்பு என்னுதுதான்.”

நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். அண்ணன் நம்பியிருப்பார். என் இடம் என்னிடமே இருந்திருக்கும்.

ஆனால் நான் அவன் முகத்தைப் பார்த்துவிட்டேன். மாதக்கணக்கில் கண் விழித்துச் செய்த பெட்டியை ஊரே கேலி செய்து பத்து நிமிஷம் ஆகவில்லை. அவன் எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். என்னைத் திட்டியிருந்தால், என் சட்டையைப் பிடித்திருந்தால், சத்தியமாக உண்மையைச் சொல்லியிருப்பேன். அவன் மன்னிப்பைக் கொடுத்து நான் வாங்கிக்கொள்வதா? வாங்கிக்கொண்டு, ஆமாம், முதல் வாரத்துப் பையன் மாதிரித் தப்பாகக் குத்திவிட்டேன் என்று அவன் எதிரில் நிற்பதா? டிரம்மில் அவன் பெட்டி என்னை ஜெயித்தது. அட்டையிலும் தோற்க வேண்டுமா?

“இவனுக்கு இன்னாண்ணே தெரியும்,” என்றேன். “வேணும்னுதான் குத்தினேன்.”

அண்ணன் அக்கார்டியனை அதன் பெட்டிக்குள் வைத்து, இரண்டு கொக்கியையும் மாட்டினார்.

“சரிபா. அடுத்த வாரம் தாமல் கச்சேரிக்கு நீ வர வேணாம்,” என்றார். எப்போதும் போலத்தான் சொன்னார், குரலை உயர்த்தவில்லை.

அவர் வெளியே போன பிறகு ரேடியோக்காரன் என் அருகில் வந்தான். “எதுக்குபா பொய் சொல்றே?”

“உன் வேலையைப் பாரு,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த ஓட்டையின்மேல் பசை தடவி ஒரு துண்டுத்தாளை ஒட்டினான், பெட்டி சரியாகிவிட்டது. இரண்டு மூன்று வருஷம் அந்தக் குழுவுக்கு அதுதான் தாளம். நான் வேறு எந்தக் குழுவிலும் சேரவில்லை. கூப்பிட்டவர்களும் கிடையாது, பொறாமையில் கச்சேரியைக் கெடுத்தவன் என்கிற பெயர் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில்கூட யாரோ சொல்லியிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில் என் மனைவி, “நெஜமாவா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அப்புறம் என் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்களுக்கும் ஆமாம் என்றேன். அட்டை தப்பாகக் குத்தினான் என்று மட்டும் இன்றுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை.

ரேடியோக்காரன் இன்னும் இதே தெருவில்தான் இருக்கிறான். எதிரில் வந்தால் கொஞ்சம் நிற்பான், நான் பேசுவேனோ என்று. நான் தறி வீடுகள் பக்கம் பார்த்துக்கொண்டு போய்விடுவேன். நான் அந்தக் கச்சேரியை வேண்டுமென்று கெடுக்கவில்லை என்று இந்த ஊரில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.